கடைசி வீட்டுக் குழாய்

ஜனவரி 11

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் படி ஏறும்போது தன் இருப்பைச் சொல்கிறது. உன் தலைவலி எப்படி இருக்கிறது? தனியாக இருப்பவள், வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. இந்த வீட்டில் இப்போது யாரும் ஊர்க் குடிநீர் பம்ப்பை ஓட்டிவிட்டு வந்து கிரீஸ் கையோடு கதவைத் தள்ளுவதில்லை. கதவு சுத்தமாக இருக்கிறது. அதைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது.

போனில் பேசலாம்தான். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் காது நீளம். அதனால் எழுதி, உங்கள் ஆய்வகத்துக்கு வரும் ஐஸ் பெட்டியில், பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஆமாம், நம் ஊர்க் குடிநீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்புகிறவள் இனி நான்தான்.

குடிநீர்ச் சங்கக் கூட்டத்தில் முட்டைக்காரர் அறிவித்தார். கோழிப்பண்ணை வைத்திருப்பவர் நல்ல மனிதராக இருந்தால் பண்ணைக்காரர் என்று சொல்லியிருப்பேன். இன்னும் அவர்தான் சங்கத் தலைவர்.

“ஆபரேட்டர் சம்சாரம் வீட்ல சும்மாதான இருக்காங்க. மாசம் ஒரு தடவை பாட்டில்ல தண்ணி புடிச்சு பஸ்ல ஏத்தி விடட்டும். புருஷன் செஞ்ச தப்புக்குப் பொண்டாட்டிய தண்டிக்கிற ஆள் நான் இல்ல” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

“உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசுங்க” என்று நானும் சொன்னேன். பல்லைக் கடித்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது.

உன் அண்ணன் செய்த தப்பு என்ன? கீழ்க் கிணற்றுக்கு மேலே மேட்டில் கோழி எருவைக் குவிக்காதீர்கள், மழையில் இறங்கித் தண்ணீர் கெடுகிறது என்று சொன்னார். அந்த மாதம் நாலு வீட்டில் வயிற்றுப்போக்கு வந்தது. ஆபரேட்டர் தண்ணீரில் குளோரின் மருந்தைச் சரியாகக் கலக்கவில்லை என்று கூட்டம் போட்டு, எல்லோர் எதிரிலும் மோட்டார் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அதன்பிறகு அந்த மனுஷன் கடைத்தெருவுக்கே போகவில்லை. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். டாக்டருக்கு அது போதும். எனக்குப் போதாது.

முட்டைக்காரர் ஊருக்கு முன்னால், அதே வாயால், ஆபரேட்டர் சொன்னது சரி என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் நான் கண்ணை மூட மாட்டேன்.

பாட்டில் உன் மேஜைக்குத்தானே வருகிறது?

அன்புடன்,
அண்ணி


ஜனவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நலம். தலைவலி வழக்கம்போல் வந்து போகிறது. முழங்காலுக்கு டாக்டரைப் பாருங்கள்; மருந்துக்கடைக்காரரைக் கேட்காதீர்கள்.

உங்கள் கடிதம் ஐஸ் தண்ணீரில் ஊறி வந்தது. இனிமேல் தபாலில் அனுப்புங்கள். அந்தப் பெட்டியில் பாட்டில், ஐஸ், விவரச் சீட்டு தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. பெட்டியைத் திறந்தது நானாக இருந்ததால் பிழைத்தோம்.

பாட்டிலில் ஊர்ப் பெயர் இருக்காது. எண்தான் இருக்கும். ஆனால் நம் ஊரின் எண் எனக்குத் தெரியும் என்பதை மேலாளரிடம் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேன் என்பதை உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன்.

தண்ணீர் பிடிக்கும் முறை: குழாயைத் திறந்து சில நிமிடம் ஓட விடுங்கள். மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. மூடியைத் தரையில் வைக்காதீர்கள். எந்தக் குழாயில் பிடித்தது என்று சீட்டில் எழுதுங்கள். இந்த முறை அந்த இடம் காலியாக இருந்தது.

இன்னொன்று. தண்ணீரின் தரம் பற்றி ஒவ்வொரு வீட்டுக்கும் வருடம் ஒரு முறை சங்கம் அறிக்கை கொடுக்க வேண்டும். உங்களுக்கு வந்ததா?

நீங்கள் கடைசியாகக் கேட்டிருந்த கேள்விக்குப் பதில், ஆம், என் மேஜைக்குத்தான் வருகிறது. எல்லா ஊர்ப் பாட்டில்களும் அப்படித்தான் வருகின்றன.

நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். கவலை வேண்டாம்.

இப்படிக்கு,
நாத்தனார்


பிப்ரவரி 16

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். டாக்டரைப் பார்த்தேன். எடையைக் குறைக்கச் சொன்னார். அவர் என்னைவிட இரண்டு மடங்கு இருக்கிறார்.

அறிக்கை போன வருஷம் வந்தது. பளபளவென்ற தாள். மேலே ஓர் அருவிப் படம். நம் ஊரில் அருவி எங்கே விழுகிறது என்று உனக்குத் தெரிந்தால் எழுது. அருவிக்குக் கீழே முட்டைக்காரர் படம், அருவியைவிடப் பெரிதாக. ‘நமது குடிநீர் எல்லாத் தரங்களையும் பூர்த்தி செய்கிறது’ என்று ஒரே ஒரு வரி. பின்பக்கம் முழுக்க முட்டை விளம்பரம்.

இந்த மாதம் பாட்டிலை எடுத்துக்கொண்டு கீழ்த்தெருவின் கடைசி வீட்டுக்குப் போகலாம் என்று கிளம்பினேன். உன் அண்ணன் எப்போதும் அங்கேதான் பிடிப்பார். சங்க அலுவலக வாசலிலேயே முட்டைக்காரர் மறித்துவிட்டார்.

“எதுக்கும்மா அவ்ளோ தூரம்? முழங்கால் வலின்னு சொன்னாங்களே. இங்க கைகழுவுற எடத்துலயே புடிங்க.”

“அவரு கடைசி வீட்லதாங்க புடிப்பாரு.”

“அவரு புடிச்ச லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே. தண்ணி எங்க புடிச்சாலும் தண்ணிதான?”

அலுவலகக் குழாயில் ஊரின் இன்னொரு கிணறான மேல் கிணற்றுத் தண்ணீர் மட்டும்தான் வரும். கீழ்க் கிணற்றுத் தண்ணீர் கீழ்த்தெருவோடு சரி, மேட்டுக்கு ஏறாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பிடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, மூடியின் மேல் கையெழுத்துப் போட்டு, ஒட்டி, பஸ் வரைக்கும் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். பார்த்தவர்கள், எவ்வளவு உதவி பார் என்று பேசிக்கொண்டார்கள்.

நீ என்ன செய்தாய்? ‘தண்ணீர் குடிக்க ஏற்றது’ என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாய். அதை அவர் அலுவலகக் கதவில் ஒட்டியிருக்கிறார். கீழே உன் கையெழுத்து. ஆபரேட்டரோட சொந்தத் தங்கச்சியே சொல்லிட்டாங்க பாருங்க என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் காட்டுகிறாராம்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். தாளில் ஓர் எண்ணை மாற்றி எழுத உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அன்புடன்,
அண்ணி


மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? நான் நலம்.

ஓர் எண்ணை மாற்ற அதிக நேரம் ஆகாது. அதனால்தான் நாங்கள் மாற்றுவதில்லை.

இனிமேல் அப்படி எழுதாதீர்கள். எழுதினால் நான் பதில் போட மாட்டேன். மாதிரி எடுக்கும் இடம் சரியில்லை என்று மேலாளர் மூலம் சங்கத்துக்கு எழுத வைத்தேன். எடுக்கும் இடத்தை முடிவு செய்வது சங்கத்தின் பொறுப்பு, அடுத்த ஆண்டுத் திட்டத்தில் பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. இதற்கு மேல் எங்கள் வேலை, வருகிற பாட்டிலில் இருப்பதைச் சொல்வதுதான்.

உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரிந்தே இன்னொன்றையும் எழுதுகிறேன். கீழ்க் கிணறு கெட்டுவிட்டதா என்று எனக்குத் தெரியாது. அண்ணன் அப்படிச் சொன்னார் என்பது தெரியும். அவர் மருந்தை ஒழுங்காகக் கலந்தாரா என்பதும் தெரியாது. அவர் என் அண்ணன் என்பது ஆதாரம் ஆகாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நாத்தனார்


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

என் கடிதத்துக்கு ஒன்றரை மாதமாகப் பதில் இல்லை. கோபம் என்று புரிந்துகொண்டேன். உடம்பு நன்றாக இருக்கிறது என்றும் புரிந்துகொண்டேன், ஏனென்றால் பாட்டில் வந்துவிட்டது.

அந்தப் பாட்டிலைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதில் நைட்ரேட் இருந்தது. எரு, உரம் இவற்றிலிருந்து தண்ணீரில் இறங்குகிற உப்பு அது. நிறமோ மணமோ இருக்காது. உங்கள் பாட்டிலில் இருந்த அளவைப் பார்த்துக் கருவி பழுதாகிவிட்டது என்று நினைத்து மறுபடி ஓட்டினேன். கருவியில் பழுதில்லை. அந்தத் தண்ணீரைத் தொட்டியில் விட்டால் செடிகூடக் கருகியிருக்கும்.

எரு ஊறிய தண்ணீரில் நைட்ரேட் தனியாக வராது. கிருமி வரும், குளோரைடு வரும், குடும்பத்தோடுதான் வரும். இதில் நைட்ரேட்டும் பொட்டாசியமும் மட்டும் ஜோடியாக வந்து நின்றன.

அண்ணி, உரம் எந்தக் கடையில் வாங்கினீர்கள்?

மாதிரி ஏற்கத்தக்கதல்ல, மறுபடி எடுக்க வேண்டும் என்று குறித்து அனுப்பியிருக்கிறேன். காரணத்தை மேலாளரிடம் சொல்லிவிட்டேன், உங்கள் மேல் சந்தேகம் என்பதையும் சேர்த்து. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

இதை நான் அப்படியே அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தீர்களா? தலைவர் அதே குழாயில் பிடித்து வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்புவார். சுத்தமாக இருக்கிறது என்று வரும். அப்புறம் ஆபரேட்டர் தண்ணீரைக் கெடுத்தார், அவர் மனைவி பாட்டிலையும் கெடுத்தார் என்று பேசுவார்கள். அண்ணனை இரண்டாவது முறை வேலையை விட்டு அனுப்புவது போல.

முழங்கால் எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
நாத்தனார்


மே 6

அன்புள்ள நாத்தனாருக்கு,

முழங்கால் வலிக்கிறது. மனசு அதைவிட.

ஆமாம், நான்தான் போட்டேன். பூந்தொட்டிக்குப் போடுகிற வெள்ளைத் தூள். வீட்டிலேயே பாட்டிலின் அடியில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். பழுப்புப் பாட்டில், முட்டைக்காரர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு சிட்டிகைதான் போட நினைத்தேன். இத்தனை வருஷம் பானையில் உப்புப் போட்ட கை, கொஞ்சம் தாராளமாக விழுந்துவிட்டது. திறமையாகச் செய்யத் தெரியவில்லை என்பதற்காக வெட்கப்படுகிறேன். செய்ததற்காக இல்லை.

நீ எழுதியதை அரிசி களைந்துகொண்டே யோசித்தேன், நடந்துகொண்டே யோசித்தேன். நீ சொன்னது சரி. சரி என்பதால் உன் மேல் வந்த கோபம் குறையவில்லை. ‘அவர் என் அண்ணன் என்பது ஆதாரம் ஆகாது’ என்று எழுதினாயே. மறந்துவிட்டு ஒரு நாள் மறுபடி பேசுவேன், இன்றைக்கு இல்லை.

ஊர்ச் செய்தி கேட்டாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கடைசி வீட்டுத் தையல்காரிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாய்ப்பால் போதவில்லை, பால் பவுடர்தான். குழந்தை அழகாக இருக்கிறது, ஆனால் சுறுசுறுப்பே இல்லை. உதடும் நகமும் மைக்கறை பட்டது போல இருக்கின்றன. இதயத்தில் கோளாறு இருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று யாரோ சொன்னார்களாம். பாவம், அவள் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, ஆற வைத்துத்தான் பவுடரைக் கலக்குகிறாள்.

நீ நன்றாக இரு.

அண்ணி


மே 9

அண்ணி,

நலம் விசாரிக்க நேரமில்லை. இது விரைவுத் தபாலில் வருகிறது. இதை நீங்கள் படிக்கும்போது அந்தக் குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. படித்த உடனே ஊர்ச் செவிலியருக்குப் போன் செய்தேன். இன்றே தையல்காரி வீட்டுக்குப் போவதாகச் சொன்னார்.

குழந்தைக்கு இதயத்தில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். நைட்ரேட் கைக்குழந்தையின் ரத்தத்தைக் காற்றைச் சுமக்க விடாது. உதடு நீலமாவது அதனால்தான். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது கூடிக்கொண்டே போகும். அந்தத் தாய் எவ்வளவு கவனமாகக் கொதிக்க வைத்தாளோ அவ்வளவு கெடுதல். இதை அவளிடம் நீங்கள் சொல்லாதீர்கள். செவிலியர் பக்குவமாகச் சொல்வார். கீழ்த்தெருவில் வேறு கைக்குழந்தை இருந்தால் ஒரு சொட்டுக்கூட அந்தத் தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள்.

கடைசி வீட்டுக் குழாயில் செவிலியர் தன் கையால் மாதிரி எடுப்பார். அவரே முத்திரை வைத்து, அவரே கொண்டுவருவார். நீங்கள் அந்தப் பாட்டிலின் பக்கத்தில்கூட நிற்காதீர்கள். இங்கே நானும் அதைத் தொட மாட்டேன். என்னோடு வேலை செய்கிற இன்னொருவர் பார்ப்பார். அது எந்த ஊர்க் கிணறு என்று அவருக்குத் தெரியாது.

நான் விலகி நிற்பதைப் பார்த்து எனக்குக் கோபம் இல்லை என்று நினைத்திருப்பீர்கள். இருக்கிறது. அண்ணனிடம் சாவியை வாங்கிய அன்று மாலை அவர் எனக்குப் போன் செய்தார். அங்கே மழையா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அந்த ஒரு கேள்விக்காக அந்த ஆளை நான் மன்னிக்கப் போவதில்லை. மன்னிக்காதவள் கை பட்டால் அதுவே அவர் தப்பிக்க ஒரு சந்து. ஒரு சந்துகூட அவருக்கு இருக்கக் கூடாது.

நாத்தனார்


மே 21

அன்புள்ள நாத்தனாருக்கு,

முதலில் நல்ல செய்தி. குழந்தை பிழைத்துவிட்டது. ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் உதடு சிவந்ததாம். தையல்காரி அழுதுகொண்டே வந்து சொன்னாள். இப்போது கடையில் வாங்கும் தண்ணீரில்தான் பால் கலக்குகிறாள்.

செவிலியர் மாதிரி எடுத்த அன்று நான் நீ சொன்னபடியே எதிர் வீட்டு வாசலில், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நல்ல பெண் அந்தச் செவிலியர். குள்ளமாக இருக்கிறாள், ஆனால் குரல் பஸ் ஹாரன் மாதிரி. முட்டைக்காரர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடி வந்தார்.

“என்னம்மா இது, யார கேட்டு புடிக்கறீங்க? இந்தக் கொழாய் பழசு. துருப்புடிச்சது. இதுல புடிச்சா தப்பாத்தான் வரும்.”

“இந்த வீட்டுக்காரங்க எந்தக் கொழாய்ல குடிக்கிறாங்க?”

“இதுலதான், ஆனா…”

“அப்ப இதுலதான் புடிக்கணும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், உங்க நெழல் விழுது.”

அதற்குள் கீழ்த்தெருவே கூடிவிட்டது. செவிலியர் மூடியைத் திருகிக்கொண்டே, இந்தக் கிணற்றைப் பற்றி இதற்கு முன்னால் யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று பொதுவாகக் கேட்டாள். தையல்காரிதான் சொன்னாள்.

“ஆபரேட்டர் அண்ணன் சொன்னாரு. எரு குமிச்சப்பவே சொன்னாரு. இந்த எடத்துல நின்னுதான் தலைவர்கிட்ட சண்ட போட்டாரு. நாங்கெல்லாம் பாத்துட்டுதான இருந்தோம்.”

“சொன்னாருதான்” என்று முட்டைக்காரரே முணுமுணுத்தார். “எல்லாரும் ஆயிரம் சொல்லுவாங்க. எல்லாத்தையும் நம்ப முடியுமா?”

செவிலியர் அதையும் எழுதிக்கொண்டாள்.

எனக்கு ஒன்று மட்டும் தாங்கவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தோம் என்றாளே. அன்றைக்குக் கூட்டத்தில் இவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. முட்டைக்காரரை முடித்த பிறகு இவர்களிடம் வருகிறேன்.

நீ சாப்பிட்டுத் தூங்கு. உன் கடிதத்தை இன்னும் மன்னிக்கவில்லை, ஆனால் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

குழந்தை நலம் என்று செவிலியரும் சொன்னார். உங்கள் எழுத்தைப் பார்த்தால் நீங்களும் நலம்.

முடிவு வந்துவிட்டது. கடைசி வீட்டுத் தண்ணீரில், இருக்கலாம் என்று சட்டம் சொல்கிற அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நைட்ரேட். கூடவே கிருமி, குளோரைடு. குடும்பத்தோடு வந்திருக்கிறது. அண்ணன் சொன்னது சரி. இதை இப்போது என்னால் எழுத முடிகிறது.

அளவு மீறினால் சங்கம் உடனே எல்லா வீடுகளுக்கும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். தலைவர் ஒரு வரைவு எழுதி அனுப்பினார். ‘சில குழாய்களில் தாதுச்சத்து சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது’ என்று தொடங்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் ஆய்வகத்தில் சிரிக்கிறவள் அல்ல என்பதால் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

வாசகத்தைச் சுகாதாரத் துறை கொடுக்கும், ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது என்று சொல்லி வரைவைத் திருப்பிவிட்டார்கள். அருவிப் படமும் போட முடியாது. ஆபத்து என்ன, எப்படி வந்தது, எப்போதிலிருந்து தெரியும் என்பதெல்லாம் இருக்க வேண்டும். துறை அதிகாரி கீழ்த்தெருவில் விசாரித்து எழுதிய வாசகத்தை மேலாளர் எனக்குக் காட்டி, ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று கேட்டார். ஆய்வுக் கணக்கில் ஒன்றும் விடுபடவில்லை என்றேன். மாதிரி எடுக்கும் இடம் எப்போது மாறியது என்பது மட்டும் இல்லை என்றேன். சேர்த்துவிட்டார்கள்.

அறிவிப்பை ஆள் விட்டு அனுப்பக் கூடாது. சங்கத் தலைவரே ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கையில் கொடுக்க வேண்டும். வாசிக்க முடியாதவர் யாராவது கேட்டால் தலைவரே வாசித்துக் காட்ட வேண்டும். விதியில் அப்படித்தான் இருக்கிறது.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. உங்களுக்குத்தான் நன்றாக வாசிக்க வருமே.

இப்படிக்கு,
நாத்தனார்


ஜூன் 13

அன்புள்ள நாத்தனாருக்கு,

நான் நலமோ நலம். முழங்கால்கூட இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் அவ்வளவு நேரம் நின்றேன்.

முட்டைக்காரர் மேல்தெருவை முடித்துக்கொண்டு நம் தெருவுக்கு வந்தார். நம் வீட்டைத் தாண்டிப் போகப் பார்த்தார். கூட வந்த துறை அதிகாரி, இந்த வீடு விட்டுப்போச்சே சார் என்றார். தாளை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பினார்.

“தலைவரே, ஒரு நிமிஷம். கண்ணாடிய எங்கயோ வெச்சுட்டேன். கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க.”

“தண்ணி குடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கும்மா, அவ்ளோதான்.”

“அவ்ளோதானா? ஒரு பக்கம் முழுக்க இருக்கே.”

அதிகாரி அவரைப் பார்த்தார். முட்டைக்காரர் படிக்க ஆரம்பித்தார். ‘இந்தத் தண்ணீரை ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். கொதிக்க வைப்பதால் பயனில்லை.’ அதுவரை குரல் நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் பக்கத்து வீட்டு அம்மா வந்து நின்றாள்.

“அக்கா இப்பதான் வந்தாங்க. அவங்களுக்கும் கேக்கணும்ல, மொதல்லேர்ந்து படிங்க” என்றேன்.

படித்தார். அப்புறம் எதிர் வீட்டுக்காரர் மனைவியோடு வந்தார். மறுபடி முதலிலிருந்து. சட்டைக் காலர் நனைந்துவிட்டது. மூன்றாவது பத்திக்கு வந்ததும் குரல் உள்ளே போய்விட்டது.

“கேக்கலீங்க.”

“…கோழி எரு குவிக்கப்பட்டதால் கீழ்க் கிணற்று நீர் கெடுவதாக முன்னாள் பம்ப் இயக்குபவர் சங்கத் தலைவரிடம் எச்சரித்திருந்தார். அவர் நீக்கப்பட்ட பின்னர் கடைசி வீட்டுக் குழாயில் மாதிரி எடுப்பது நிறுத்தப்பட்டது.”

“யாருங்க அது, முன்னாள் பம்ப் இயக்குபவரு?”

நான் காத்திருந்தேன். தெருவே காத்திருந்தது. இந்தத் தெருவுக்குச் சும்மா இருக்கத் தெரியும் என்பது எனக்குப் புதிது இல்லை, ஆனால் இந்த முறை அந்த அமைதி என் பக்கம் இருந்தது.

“உங்க வீட்டுக்காரரு” என்றார்.

“அவரு சொன்னது சரியா, தப்பா?”

“அதான் இதுல போட்டிருக்கே.”

“அது அச்சுல போட்டது. நீங்க சொல்லுங்க.”

“சரிதாம்மா. அவரு சொன்னது சரி.”

“பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல.”

இன்னொரு முறை சொன்னார், சத்தமாக. சொல்லிவிட்டு, தன்னை உள்ளே கூப்பிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, கொஞ்ச நேரம் நின்றார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். உன் அண்ணன் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார், தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போயிருப்பார். சந்தோஷப்பட்டது நான்தான். எனக்காகத்தான் செய்தேன்.

கீழ்க் கிணற்றைப் பூட்டிவிட்டார்கள். மேட்டிலிருந்த எருவை லாரியில் அள்ளுகிறார்கள். கீழ்த்தெருவுக்கு டேங்கரில் தண்ணீர் வருகிறது.

உன்னை மன்னித்துவிட்டேன். ஒழுங்காகச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 24

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி படித்தேன். இரண்டாவது முறை படிக்கும்போது சாப்பிட மறந்துவிட்டேன், அதற்கு என்னைத் திட்ட வேண்டாம்.

கிணற்றைப் பூட்டியது நல்லது. இருந்தாலும் ஒரு தகவல். கிணற்றைப் பூட்டியதோடு இது முடியாது. கடைசி வீட்டுக் குழாயில் தொடர்ந்து நல்ல முடிவு வந்து, துறை போதும் என்று சொல்லும்வரை, அதே அறிவிப்பை மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே வீடுகளுக்கு மறுபடி கொடுக்க வேண்டும். வாசகம் மாறாது. கொடுக்க வேண்டியவரும் மாற மாட்டார். அவருக்கு இது இன்னும் தெரியாது என்று நினைக்கிறேன். அதிகாரப்பூர்வக் கடிதம் அடுத்த வாரம்தான் போகிறது.

அடுத்த முறை செப்டம்பரில் வரும். அண்ணனை எடுத்துக்கொண்டு போன நாளுக்குப் பிறகு நான் அந்த வீட்டுக்கு வரவில்லை. செப்டம்பரில் ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்ன காரணம் என்று மேலாளர் கேட்டார். குடும்ப விஷயம் என்றேன்.

அதற்குள் தலைவரைத் தெருவில் பார்த்தால் மரியாதையாகச் சொல்லி வையுங்கள்: ஆபரேட்டரின் தங்கை வருகிறாள், அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

இப்படிக்கு,
நாத்தனார்